ஏழாவது சீட்டு

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் தப்பு என்று எனக்குத் தெரிந்தது ஒரு தேர்வறையில், மேற்பார்வைக்கு நின்றுகொண்டிருந்தபோது. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய வினாத்தாளின் பின்பக்கத்தில் நான் வழக்கம்போலக் கிறுக்கிக்கொண்டிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு, அதாவது எல்லாரும் வைவா என்று சொல்கிற அந்தச் சடங்குக்கு, இன்னும் பதினொரு நாள் இருந்தது.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். ஆய்வை ஆசைக்குத்தான் ஆரம்பித்தேன், பகுதி நேரமாக. நாலைந்து வருடம் ஆசை தாங்கியது. பிறகு முனைவர் பட்டம் இல்லாதவர்கள் வேலையில் தொடர முடியாது என்று நிர்வாகம் சொன்னது. ஆசை போய் அந்த இடத்தில் வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழாவது வருடம் ஆய்வேட்டைக் கொடுத்தேன். இரண்டு மதிப்பீட்டாளர்களிடமிருந்தும் நல்ல அறிக்கை வந்தது. இரண்டு பேரும் நான்காம் அத்தியாயத்தைத்தான் மெச்சியிருந்தார்கள்.

அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முடிவே இல்லாத ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சந்தி, அதிலிருந்து நாலு தெரு, ஒவ்வொரு தெருவும் போய்ச் சேருமிடத்தில் அதே போல இன்னொரு சந்தி. எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் ஊர் ஒரே மாதிரி. கணக்கில் குலம் என்று ஒன்றைப் படிக்கிறோம். அதை இப்படி ஓர் ஊராக வரைந்து, தூரத்தில் நின்று அதன் வடிவத்தைப் பார்ப்பதுதான் என் துறை. அந்த ஊரில் திரும்பியே வராமல் நடந்துகொண்டிருந்தால் எந்தெந்தத் திசையில் போகலாமோ அத்தனை திசைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் கிடைப்பது எல்லை. யாரும் போய்ச் சேரமுடியாத இடம், ஆனாலும் அதற்கு ஒரு வடிவம் உண்டு. சில ஊர்களுக்கு அது தூசி தூசியாகச் சிதறிக் கிடக்கும். சில ஊர்களுக்கு ஒரே துண்டாக இருக்கும். எது ஒரே துண்டு, எது இல்லை என்பதைத்தான் ஏழு வருடம் பார்த்தேன்.

ஒரே துண்டு என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வடிவத்தை எப்படிப் பார்த்தாலும் இரண்டாகப் பிரிக்க முடியாமல் இருக்கலாம். அப்படியிருந்தும் அதன் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு விரலை எடுக்காமல் கோடு இழுக்க வழி இல்லாமல் இருக்கலாம். சேர்ந்துதான் இருக்கும், பாதை இருக்காது. இதைச் சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை. கல்யாணம் ஆனவர்கள் உடனே நம்பிவிடுகிறார்கள்.

என் மூன்றாம் அத்தியாயத்து ஊர்கள் நல்லவை. அங்கே எல்லை ஒரே துண்டு என்றால் பாதையும் உண்டு. அது மற்றவர்கள் ஏற்கெனவே நிறுவியது. நான்காம் அத்தியாயத்தில் வேறு வகை ஊர்களுக்குப் போனேன். அங்கே அந்த உத்தரவாதம் கிடையாது. நானோ மூன்றாம் அத்தியாயத்து நிரூபணத்தை நகலெடுத்து, குறியீடுகளை மாற்றி, பாதை தேவைப்பட்ட இடத்தில் ‘முன்போலவே’ என்று ஒரு சொல்லைப் போட்டுத் தாண்டிவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லாரும் எழுதுகிற சொல் அது. எழுதும்போது கை நிற்பதில்லை. படிக்கிறவர்களுக்கும் கண் நிற்பதில்லை. இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. காற்றடித்த டியூப் மாதிரியான மூன்று பரப்புகளை வரிசையாக ஒட்டிச் செய்கிற ஓர் ஊர் இருக்கிறது. அதன் எல்லை ஒரே துண்டுதான், பாதை கிடையாது. துறையில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். என் முன்னுரையில் நானே அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

வினாத்தாளின் பின்பக்கத்தில் அன்று நான் வரைந்தது அந்த மூன்று டியூப்களைத்தான். வரைந்து முடித்ததும் நான்காம் அத்தியாயம் நிற்காது என்று தெரிந்துவிட்டது. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு பையன் எழுந்து கூடுதல் தாள் கேட்டான். கொடுத்து, கையெழுத்துப் போட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டேன். கால் மரத்துப்போனால் அது நம் கால்தானா என்று கிள்ளிப் பார்ப்போமே, அப்படி ஓரிரு முறை என்னையே நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் மதுரையில் இருக்கும் என் நெறியாளரை அழைத்துச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல.

“ரெண்டு ரிப்போர்ட்டும் நல்லா வந்துருச்சுல்லம்மா?”

“வந்துருச்சு சார்.”

“அப்புறம் எதுக்கு நீயே தோண்டுற? எந்த தீசிஸ்ல தப்பு இல்ல? வைவா முடியட்டும், பாப்போம்.”

“இது சின்னத் தப்பு இல்ல சார். அந்த அத்தியாயமே நிக்காது.”

“நான் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறேம்மா,” என்றார்.

அதற்கு மேல் என்ன கேட்பது. சரி சார் என்று வைத்துவிட்டேன்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் எங்களிடம் உண்டு. வைவா பொதுவில் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் அறிக்கையில் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் புரியாது. அறிக்கை காலியாகப் போகக்கூடாதே என்பதற்காகக் கேள்விகளை நாமே எழுதி, சீட்டுகளாகக் கிழித்து, கூட வேலை பார்ப்பவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். அவர்கள் எழுந்து, ஏதோ அப்போதுதான் தோன்றியது போலக் கேட்பார்கள். நானும் பலருடைய வைவாவில் அப்படி எழுந்து நின்று புருவத்தைச் சுருக்கியிருக்கிறேன்.

ஆறு சீட்டு எழுதினேன். உங்கள் ஆய்வின் பயன் என்ன, இதை மேலும் எப்படி விரிவாக்கலாம், இந்த வகை. பிறகு ஏழாவதாக ஒன்று எழுதினேன். ‘நான்காம் அத்தியாயத்தில் எல்லை ஒரே துண்டு என்பது மட்டும்தான் தெரியும். அப்படியிருக்க, பாதை இருப்பதாக எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?’

நானாக எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒருவர் நேராகக் கேட்டுவிட்டால் பொய் சொல்லவும் எனக்கு வராது. இரண்டையும் வைத்துத்தான் இந்த ஏற்பாடு. அறிக்கையில் ஏறிவிடும், பிறகு அவர்கள் பாடு. இதை இப்போது எழுதும்போது கோழைத்தனமாகத் தெரிகிறது. அப்போது பெரிய நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். சீட்டை என் தோழியிடம் கொடுத்தேன். ஒரே துறை, ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். நம்பிக் கொடுத்தேன்.

வைவாவுக்கு என் கணவர் அரை நாள் கடையை மூடிவிட்டு வந்தார். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். எதையும் சதுரமாக, இடைவெளி இல்லாமல் செய்கிறவர். நாற்காலி, ஒலிபெருக்கி, கேசரி, வடை, காபி எல்லாம் அவர் ஏற்பாடுதான். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா இரண்டு பேருந்து மாறி, மடியில் கனகாம்பரத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். வாசலில் என் படம் போட்ட பேனர். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிடம் பேசினேன். நான்காம் அத்தியாயத்துக்கு வந்ததும் குரல் மாறும் என்று நினைத்தேன். மாறவில்லை. ‘முன்போலவே’ என்ற வரி திரையில் வந்தது, போனது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தலையாட்டினார். பிறகு கேள்விகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆறு முடிந்தது. தோழி எழுந்தாள். கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அதை இரண்டாக மடித்தாள்.

“மேடம், இந்த ஆய்வை நம்ம மாணவர்களுக்கு எளிமையா எப்படிக் கொண்டுபோவீங்க?” என்று கேட்டாள்.

நான் பதில் சொன்னேன். நல்ல பதில்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கைதட்டினார்கள். “வேறு கேள்வி உண்டா?” என்று தேர்வாளர் அரங்கத்தைப் பார்த்துக் கேட்டார். யாரும் எழவில்லை. என்னைப் பார்த்து, “நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்றார். அந்த வாய்ப்பு என் கணக்கில் இல்லாதது. வாயைத் திறந்தேன். “அனைவருக்கும் நன்றி” என்று வந்தது. பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அம்மா கனகாம்பரத்தைத் தலையில் வைத்துவிட்டாள். கேசரி இனிக்கவில்லை. என்னவோ வாயில் கிடந்தது, விழுங்கினேன்.

கை கழுவும் இடத்தில் தோழியைப் பிடித்தேன்.

“ஏம்ப்பா அந்தக் கேள்விய மாத்துன?”

“படிச்சுப் பாத்தேன். எனக்கே தலையும் புரியல, வாலும் புரியல. அந்தாளு அதப் பிடிச்சுக்கிட்டு நோண்ட ஆரம்பிச்சா என்ன பண்ணுவ? உன் நல்லதுக்குத்தான்,” என்றாள். மடித்த சீட்டை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். உண்மையிலேயே என் நல்லதுக்குத்தான் செய்தாள். அதனால் அவள் மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. சீட்டைக் கைப்பைக்குள் போட்டேன்.

பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. வேலை நிலைத்தது. அறை வாசலில் பெயருக்கு முன்னால் முனைவர் ஏறியது. வகுப்புக்குப் போனேன், வந்தேன். நெறியாளர் ஓய்வுபெற்றார். விழாவில் நான்தான் வாழ்த்துரை. நன்றாகப் பேசினாய் என்றார்கள். பேனரை அம்மா ஊருக்குக் கொண்டுபோய்ப் பேருந்து நிறுத்தத்தில் கட்டினாள். இரண்டு மழைக்குப் பிறகு அதை அவிழ்த்து, சின்ன வெங்காயக் குவியலை மூட வைத்துக்கொண்டாள். நான் போனபோது என் முகம் தலைகீழாக வெங்காயத்தின் மேல் கிடந்தது. இருவரும் சிரித்தோம். சிரிப்புக்கூட உப்புச் சப்பில்லாமல்தான் வந்தது. ஆய்வேட்டைப் பொதுவில் படிக்கிற இணையதளத்தில் ஏற்றினார்கள். அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஒருவர் படித்தார். வடக்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பெண். ஒரு காலை முதல் மணி வகுப்பு முடிந்து வந்தபோது அவருடைய மின்னஞ்சல் வந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: உங்கள் நான்காம் அத்தியாயத்தின் மேல்தான் என் வேலை முழுவதும் நிற்கிறது. எட்டு மாதமாக ஒரு படி மட்டும் எனக்குப் புரியவில்லை. எல்லை ஒரே துண்டு என்பதிலிருந்து பாதைக்கு எப்படிப் போகிறீர்கள்? ‘முன்போலவே’ என்று இருக்கிறது, முன்னால் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தவறு என்னிடம்தான் இருக்கும். நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுதினால் போதும்.

கைப்பையின் உள்ளறையில் அந்தச் சீட்டு இன்னும் கிடந்தது. எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே கேள்வி. ஒருவர் நேராகக் கேட்டால் பொய் சொல்ல வராது என்று சொன்னேன் அல்லவா. பொய் சொல்லவில்லை. பதிலே போடவில்லை.

நாட்கள் போயின. உள்மதிப்பீட்டு மதிப்பெண் ஏற்ற வேண்டியிருந்தது, ஏற்றினேன். துறையில் ஒருவருக்குப் பிறந்தநாள், கேக் சாப்பிட்டேன். மின்னஞ்சலைத் தினமும் திறந்து பார்த்து மூடினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்ல எண்ணமும் இல்லை. இருபதாம் நாள் காலையில், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் முதன்முறையாக முழுவதையும் சொன்னேன். அவர் சட்னியைத் தொடாமல் கேட்டார்.

“சொல்லாம விட்டா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது.”

“சொன்னா?”

“பட்டம் போகலாம். வேலையும் போகலாம்.”

“அப்ப ஒண்ணும் ஆகாததப் பண்ணு.”

“அதத்தாங்க இத்தனை நாளாப் பண்ணிக்கிட்டு இருக்கேன்,” என்றேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, “இம்புட்டு நாளா இத எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லையா?” என்றார். தோன்றவில்லை என்பதுதான் உண்மை. கேசரிக்குச் சொன்னவர், நாற்காலிகளை வரிசை பார்த்துப் போட்டவர். அந்தப் பதினொரு நாளும் என் பக்கத்தில்தான் படுத்திருந்தார். அவர் கடைக்குப் போய்விட்டார், மதியம் வழக்கமாக வரும் போன் வரவில்லை.

மறுநாள், அதாவது இருபத்தொன்றாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் துறையில் யாரும் இல்லாதபோது பதில் எழுதினேன். அந்தப் படி இல்லை. அத்தியாயம் தவறு. தவறு என்னுடையது, உங்களுடையது அல்ல. இவ்வளவும் சுலபமாக வந்துவிட்டது. அடுத்த வரிக்கு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையும் எழுதினேன்: வைவாவுக்கு முன்பே எனக்கு இது தெரியும். அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. நன்றி மேடம், எழுதியதற்கு ரொம்ப நன்றி. போன வெள்ளிக்கிழமை ஆய்விலிருந்து விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த ஒரு படியைக்கூடத் தாண்ட முடியாதவள் இந்தத் துறைக்கு லாயக்கில்லை என்று எனக்கே தோன்றிவிட்டது, என் நெறியாளரும் அப்படித்தான் நினைத்தார். இனி இது எனக்குத் தேவைப்படாது. ஆனாலும் என் மூளையில் கோளாறு இல்லை என்று தெரிந்ததில் நிம்மதி.

வெள்ளிக்கிழமை என்றால் அவர் எனக்கு எழுதியதிலிருந்து பதினேழாம் நாள். நான் கேக் சாப்பிட்ட நாள். பதினாறாம் நாள் எழுதியிருந்தால்கூடப் போதும். அப்போதுதான் எனக்கு வலித்தது. வைவாவில் வராதது, கணவர் கேட்டபோது வராதது, மொத்தமும் அந்த மேசையில் வைத்து வந்தது. ஆய்வேட்டில் தப்பு செய்ததற்காக அழவில்லை. அதை யாரும் செய்யலாம். முகம் தெரியாத ஒரு பெண் எட்டு மாதம் தன்னையே முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தாள், நான் அதைப் படித்துப் படித்து மூடி வைத்தேன். அதற்குத்தான் அழுதேன். தோழி டிபன் டப்பாவோடு உள்ளே வந்து, பார்த்து, கதவைச் சாத்தினாள்.

அன்று மாலைக்குள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்தப் பக்கம், எந்த வரி, ஏன் தவறு, எப்போதிலிருந்து எனக்குத் தெரியும், எல்லாம். ஆய்வேட்டை இணையதளத்திலிருந்து எடுக்கவோ அதன் மேல் குறிப்புப் போடவோ கேட்டுக்கொண்டேன். கல்லூரி முதல்வருக்கும் என் நெறியாளருக்கும் நகல். இன்னொரு நகலை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். இதை உங்கள் நெறியாளரிடம் காட்டுங்கள், உங்கள் எட்டு மாதம் போனதற்குக் காரணம் நான் என்று அவருக்குத் தெரியட்டும், விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேளுங்கள், தேவையானால் நானே அவரிடம் பேசுகிறேன் என்று எழுதினேன். என் போன் எண்ணையும் கொடுத்தேன்.

கணவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். “இதுல ஸ்பெல்லிங் எல்லாம் சரியா இருக்கா பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். நெறியாளர் இரண்டு முறை அழைத்தார், எடுக்கவில்லை. முதல்வர் “பாப்போம்மா” என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் பரிசீலனையில் இருப்பதாக ஒரு வரி வந்தது. வாசலில் முனைவர் இன்னும் இருக்கிறது. அதைக் கழற்ற யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

“வேல போயிருமாத்தா?”

“போகலாம்மா.”

இரண்டு கை வெங்காயம் தள்ளினாள். “அப்ப இந்தப் பேனர எடுத்துரவா?”

“இருக்கட்டும்மா. நனையுமில்ல.”

அந்தப் பெண்ணிடமிருந்து பதில் இல்லை. வகுப்பு முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் பார்க்கிறேன். படித்தாரா, படித்துவிட்டு மூடி வைத்தாரா, அவருடைய நெறியாளர் என்ன சொன்னார், ஒன்றும் தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கடிதம் அனுப்பி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. நான் அவரைக் காக்க வைத்ததை விட ஒரு நாள் கூடுதல்.